ஒரு தடவை கேட்டால் போதும்

"இன்னொரு தடவை கேளுங்க" என்றாள் தேன்மொழி.

சொன்ன மாத்திரத்தில் கதவுக்கு மேலே இருந்த சின்ன விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. அறுவை மருத்துவர் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தாழ்த்திக்கொண்டார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். நாலு பேர் நடுவில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட பிள்ளையைப் பெரியவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்களே, அப்படி இருந்தது.

விசா வாங்கிக் கொடுத்த சென்னை ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "மேடம், அந்த நாட்டுல என்ன வேணா பேசுங்க. கத்துங்க, அழுங்க, தரையில புரளுங்க. ஆஸ்பத்திரியில மட்டும் 'இன்னொரு தடவை கேளுங்க'ன்னு வாயைத் திறந்துடாதீங்க. அதுக்கப்புறம் நம்மால ஒண்ணும் பண்ண முடியாது." இரண்டு வாரப் பயணத்தில் ஆஸ்பத்திரி எங்கிருந்து வருகிறது என்று அப்போது அவள் சிரித்தாள்.

இப்போது கட்டிலில் ரஞ்சிதம் கிடந்தாள். தேன்மொழியின் அக்கா. ஒன்பது வயது மூத்தவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாகத் தோல் தைக்கிறவள். தேன்மொழியை அவளுடைய ஆபீஸ் இந்த ஸ்கார்வென் நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். வருகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். எடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

வந்த ஐந்தாம் நாளிலிருந்து அக்காவுக்கு வயிற்று வலி. அதை அவள் சொன்னால்தானே. "வாயுடி" என்று சுடுதண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை டிராமில் நின்றுகொண்டிருந்தவள், கம்பியைப் பிடித்த கையை விடாமலேயே மடங்கி உட்கார்ந்தாள். உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸில் நினைவு போய்விட்டது. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். ரத்தத்திலும் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. மதியத்துக்குள் வயிற்றைத் திறந்து கழுவினால் பிழைப்பாள். தள்ளிப்போனால் இல்லை. இதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

ஆனால் அவர்கள் கேட்கவேண்டியது தங்கையை அல்ல. தலைமாட்டில் பொருத்தியிருந்த சாம்பல் நிற வட்டை. சின்னத் தோசைக்கல் அளவு இருந்தது அது. அதற்குப் பெயர் பதிற்குரல். நினைவிழந்து வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த நாட்டில் அதுதான் வாய்.

இரண்டு நிமிஷம் முன்னால் மருத்துவர் குனிந்து அந்த வட்டிடம் கேட்டார். வட்டு முதலில் தொண்டையைச் செருமியது. ம்க்கும். அச்சு அசலாக அக்காவின் செருமல். தோல் தூசி பதினேழு வருஷமாகக் கொடுத்த செருமல். பிறகு அக்காவின் குரல் சொன்னது.

"வோணாம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. கத்தி கித்தி எல்லாம் எதுக்கு? படுத்து எந்திரிச்சா சரியாப்பூடும். வுடுங்க."

கட்டிலில் இருந்தவளின் உதடு அசையவில்லை. வறண்டு, பாதி திறந்து, அப்படியே இருந்தது.

மருத்துவர் பலகையில் ஏதோ தொட்டார். மறுப்பு, பதிவாயிற்று. அப்போதுதான் தேன்மொழி சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"இஞ்ச வாங்கோ பிள்ளை" என்று யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். "வெளியில வந்து கதையுங்கோ. இனி இந்த அறைக்குள்ள நிண்டால் உங்களைப் பூட்டிப்போடுவினம்."

ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாள். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. அதில் லோஜினி என்று இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரி, இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில். தமிழ் நோயாளிகளின் குடும்பத்தாரோடு பேசுவது அவள் வேலை. தேன்மொழியைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"எனக்குத் தண்ணி வேணாம். அந்த டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க. அவங்ககிட்ட பேசணும்."

"அவ வரமாட்டா. நீங்கள் சொன்ன வசனம் அப்பிடி. ஒருத்தரிட்ட ஒரு விஷயத்தை ரெண்டாந்தரம் கேக்கிறது இஞ்ச வற்புறுத்தல். குற்றம்."

"கேக்கறது குற்றமா?"

"ஒருக்காக் கேக்கிறது கேள்வி. ரெண்டு தரம் கேட்டால் நெருக்கிறது. அப்பிடித்தான் இவையின்ர சட்டம்."

"மெஷின் கிட்டயா நெருக்கடி?"

"மெஷின் எண்டு சொல்லாதையுங்கோ. சட்டப்படி அது உங்கட அக்கா." லோஜினி எதிரில் உட்கார்ந்தாள். "முந்தி இப்பிடி இல்லை. முந்தி நினைவில்லாமல் வாற வெளிநாட்டுக்காரரை இவை தங்கட பாட்டுக்கு வெட்டுவினம். இல்லாட்டிச் சொந்தக்காரர் கையெழுத்து வைப்பினம். புருஷன்மார் பெண்சாதியின்ர கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சிருக்கினம். பிள்ளையள் தகப்பன்ர மூச்சுக் கருவியை நிப்பாட்டச் சொல்லி. கனக்க நடந்தது. அதுக்குப் பிறகுதான் இது வந்தது. ஆளின்ர வாய்க்கு அந்த ஆள்தான் சொந்தம், நினைவு இருந்தாலும் இல்லாட்டியும். நல்ல எண்ணத்திலதான் கொண்டு வந்தவை."

"இது எப்படி எங்கக்கா வாய் ஆச்சு?"

"விசா எடுக்கேக்குள்ள போனைக் குடுத்தனீங்கள் எல்லோ. எட்டு வருஷத்துக் குரல் செய்தியள். அதில இருந்து செய்யிறது. பேச்சு மட்டுமில்லை. எதைக் கேட்டால் ஓம் சொல்லுவா, எதுக்கு இல்லையெண்டுவா, எல்லாம் அதுக்குத் தெரியும். நூறு தரம் சோதிச்சால் தொண்ணூத்தேழு தரம் சரி."

"எங்க ஊருல ஒருத்தர் முதல் தடவை வேணாம்னா அதுக்கு வேணாம்னு அர்த்தம் கிடையாது" என்றாள் தேன்மொழி. குரல் ஏறியது. "உங்க ஊருல மட்டும் உண்டா? சாப்பிடறீங்களான்னு கேட்டா உடனே ஆமாம்னு தட்டை எடுத்துட்டு வருவீங்களா?"

லோஜினி சுவரைப் பார்த்தாள். அந்த அறையிலும் ஒரு சின்ன விளக்கு இருந்தது. அது பச்சையாக இருந்தது.

"எங்கட அம்மாவும் இந்த ஆஸ்பத்திரியிலதான் கிடந்தவ" என்றாள் மெதுவாக. "சூப் குடிக்கிறீங்களோ எண்டு கேட்டால், வேண்டாம் பிள்ளை எண்டுவா. திரும்பக் கேட்டால், கொஞ்சம் தா எண்டுவா. அப்பிடி ஒரு மனுசி. ஒப்பரேஷனுக்கு ஒருக்காத்தான் கேட்டவை."

தேன்மொழி தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"சாகணும்னு நினைக்கிறவ புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் குடுத்துட்டு வருவாளா? ஊருக்குப் போனதும் கட்டிக்கணும்னு குடுத்துட்டு வந்திருக்கா. அதை எழுதிக்கோங்க."

"அது சாட்சி இல்லை. ஆனால் ஒண்டு செய்யலாம். கேக்கிறது தப்பு, பாக்கிறது தப்பில்லை. அந்தக் குரலை எதில இருந்து செய்தவை எண்டு காட்டச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ரெண்டாந்தரம் கேட்டு அக்கா மனசை மாத்தினதுக்கு முப்பது உதாரணம் அதில இருந்தால், பழக்கம் எண்டு ஒத்துக்கொள்ளுவினம். பிறகு திரும்பக் கேப்பினம்."

"முப்பது என்ன, முன்னூறு இருக்கும்."

லோஜினி பலகையை அவள் பக்கம் திருப்பினாள்.

எட்டு வருஷம் வரிவரியாக இருந்தது. கல்லூரி சேர்ந்ததிலிருந்து நேற்று வரை. முக்கால்வாசி அவளுக்கு அனுப்பியவை. மேலே சுருக்கமாகப் போட்டிருந்தார்கள். மறுப்புகள்: அறுநூற்றுப் பதினொன்று. மறுபடி கேட்கப்பட்டவை: ஒன்று.

அந்த ஒன்று, ஒரே ஒரு தடவை என்று தேன்மொழிக்கு முதலில் புரியவில்லை. ஏதோ வரிசை எண் என்று நினைத்தாள். பிறகு கீழே போனாள்.

உனக்கு ஒரு புதுப் போன் எடுக்கட்டாக்கா? வோணாண்டி, இதுவே நல்லாத்தான் இருக்குது. சரிக்கா.

பிளஸ் டூ பிரைவேட்டா எழுதலாமாம், டுடோரியல் போறியா? எனக்கு எதுக்குடி இந்த வயசுல, வோணாம். சரிக்கா.

அந்தக் கட்டிங் செக்‌ஷன் தேவநாதன் உன்னக் கேட்டு வந்தாராமே, உனக்குப் பிடிச்சிருக்கா? அதெல்லாம் வோணாம், நீ செமஸ்டரைப் பாரு. சரிக்கா.

முதுகு வலின்னியே, டாக்டர்கிட்ட போலாமா? வோணாம், தைலம் தேச்சிருக்கேன். சரிக்கா.

சரிக்கா, சரிக்கா, சரிக்கா. தன் குரலே பக்கம் பக்கமாக எழுத்தில் வந்து நின்றது. கிணற்றில் கல் போட்டதும் வருகிற சத்தம் மாதிரி ஒவ்வொரு வோணாமுக்கும் கீழே ஒரு சரிக்கா. அந்தத் தேவநாதன் விஷயத்தில் அவள் சரிக்கா சொன்ன நாள் கூட ஞாபகம் வந்தது. ஹாஸ்டல் மொட்டைமாடி. போனை வைத்ததும் மனசு லேசாகிவிட்டது. அக்கா கல்யாணம் கட்டிப் போய்விட்டால் தன் மூன்றாம் வருஷ ஃபீஸ் என்ன ஆகும் என்று பயந்துகொண்டேதான் கேட்டாள். வோணாம் என்று வந்ததும் அவளுக்குள் அப்பாடா என்று இருந்தது.

மறுபடி கேட்ட அந்த ஒன்று, போன வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள். பிரியாணி வாங்கிட்டு வரட்டாக்கா? வோணாம், சோறு ஆக்கிட்டேன். நெசமாவா? ம்க்கும், சரி, ஒரு அரை பிளேட்டு வாங்கியா.

"பாருங்க" என்று விரலை வைத்தாள் தேன்மொழி. "பாருங்க, ரெண்டாவது தடவை சரின்னுட்டா."

"பாக்கிறன் பிள்ளை. ஒண்டு காணாது. முப்பது வேணும்."

"இதுக்கு எங்கக்காவப் பத்தி என்ன தெரியும்? வேணாம்னா பேச்சு முடிஞ்சுது. வேணாம்னு சொன்னா எல்லாரும் நிம்மதியாயிடுவாங்க. அதைத்தான் கத்துக்கிட்டிருக்குது."

"அது கத்துக்கொண்டதை நீங்கள்தானே குடுத்தது" என்றாள் லோஜினி. குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். மணி பதினொன்று ஐந்து.

மஞ்சள் விளக்கு எச்சரிக்கை பெற்ற உறவினருக்கும் நோயாளியைப் பார்க்க ஒரு பத்து நிமிஷம் உண்டு. கூடவே ஆள் நிற்கவேண்டும், சிகிச்சையைப் பற்றிக் கேட்கக்கூடாது. இருவரும் நடைவழியில் திரும்பி நடந்தார்கள். வரும்போது தேன்மொழி எதையும் கவனிக்கவில்லை. இப்போது எல்லாம் காதில் விழுந்தது. பெரிய பெரிய ஜன்னல்கள், வெயில் பளீரென்று அடிக்கிறது. இரண்டு பக்கமும் திறந்த அறைகள். ஒவ்வொன்றிலும் கண்மூடிய ஒரு உடம்பு. ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு வட்டு. ஒவ்வொரு வட்டும் பேசிக்கொண்டிருந்தது. அரபு மாதிரி ஒன்று. வங்காளம் மாதிரி ஒன்று. ஒரு கிழவர் குரல் கதை சொல்லிச் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரித்தாள். கிழவரின் தாடை தொங்கிக் கிடந்தது. ஒரு அறையில் யாருமே இல்லை. கட்டில் காலியாக விரித்திருந்தது. வட்டு மட்டும் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அதை இன்னும் நிப்பாட்டேல்லை" என்றாள் லோஜினி, நடையை எட்டிப்போட்டு.

அக்கா அறை வாசலில் தேன்மொழி நின்றாள்.

"தேனு?" என்றது வட்டு. "காலையில இருந்து ஒண்ணும் துன்னலியாடி நீ?"

தேன்மொழி உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள். பதில் சொல்லக்கூடாது என்று நினைத்தாள். வாய் சொல்லிவிட்டது. "இல்லக்கா."

"பின்ன? ரொட்டி கிட்டி வாங்கித் துன்னு. எனக்காவ நின்னுக்கிட்டுக் கெடக்காத."

"நீ யாரு?"

"நல்லாக் கேட்ட போ. காலேஜ் படிச்சவளுக்கு அக்கா கொரல் தெரியலியா?"

"அக்காவுக்கு வலிக்குதா?"

"எனக்கா? சேச்சே. ஒண்ணுமில்லடி."

கட்டிலுக்கு மேலே திரையில் பச்சைக் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. போர்வைக்குள் அக்காவின் முழங்கால் வயிற்றை நோக்கி மெல்ல மடங்கியது. எட்டு வருஷச் செய்திகளில் வலிக்குது என்ற சொல் ஒரு தடவை கூட இல்லை. அந்த வட்டுக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது.

"டுடோரியல் போறியான்னு ஒரு வாட்டி கேட்டேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்குது. வோணாம்னேன்."

"நெசமாவே வேணாம்னுதான் சொன்னியா?"

கேட்ட பிறகுதான் தேன்மொழிக்கு உறைத்தது. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். மஞ்சள் ஒரு முறை சிமிட்டியது, ஆனால் சிவப்பாகவில்லை. பழைய கேள்விதான், சிகிச்சை இல்லை. வட்டு செருமியது. செருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. அதுவரை ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் பேசிய குரல் அது.

"அதெல்லாம் இன்னாத்துக்குடி இப்ப" என்றது கடைசியில். "நீ படிச்சா நான் படிச்ச மாதிரிதானே."

தேன்மொழிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று முதலில் தெரியவில்லை. சட்டத்தின் மேலா, வட்டின் மேலா, இப்படி ஒரு நல்லவளாக இருந்து தொலைத்த அக்காவின் மேலா. கல்லூரி சேரும்போது முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கத் தேன்மொழி மூன்று மாதம் தாலுகா ஆபீஸுக்கு நடந்தாள். வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தத் தாள் கிடைக்கும் என்றார் கிளார்க். 'உங்க அக்கா படிக்கலியா?' 'அவளுக்கு இஷ்டமில்ல சார்' என்று சொன்னது யார்? அவள்தான். கேட்டுப் பார்த்துச் சொன்னாளா?

அந்த நடையில் அவள் கற்றது ஒன்று உண்டு. கையில் கொடுக்கிற எந்தத் தாளையும் பின்பக்கம் வரை படிப்பது. விமான நிலையத்தில் கொடுத்த கையேட்டை, அந்தக் கண்ராவித் தமிழோடு, விமானத்திலிருந்து இறங்கின அன்றே படித்து முடித்திருந்தாள்.

வெளியே வந்து கேட்டாள். "கையேட்டுல பதினாறாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கே. அது என்ன?"

லோஜினி நடையை நிறுத்தினாள். "நானாய் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் கேட்டால் மட்டும்தான் சொல்லலாம்."

"கேட்டுட்டேன்."

"ஒருத்தருக்காக விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்தே ஒரு ஆள் இல்லையெண்டு சொல்லப் பழகியிருந்தால், அந்தக் குரல் அவையின்ர சொந்தக் குரல் இல்லை. அதைச் செல்லாது எண்டுவினம். பிறகு டொக்டர்மார் தங்கட அறிவுப்படி செய்வினம். உடனே வெட்டுவினம்."

"யார் நிரூபிக்கணும்?"

"நிரூபிக்கத் தேவையில்லை. அந்த ஒருத்தர் ஒத்துக்கொண்டு எழுதிக் குடுக்கவேணும். நான் இவவை எட்டு வருஷமா நெருக்கி வாழ்ந்தனான் எண்டு." லோஜினி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "எழுதினால் நீங்கள் வற்புறுத்தினவர். பதிவில ஏறும். அந்த நிமிஷத்தில இருந்து அவவுக்குக் கிட்டப் போகேலாது. போன் இல்லை, கடிதம் இல்லை, ஆளிட்டச் சொல்லிவிடுறதும் இல்லை."

"ஊருக்குப் போன பிறகு?"

"உங்கட நாடும் இதில கையெழுத்து வைச்சிருக்கு. முப்பத்தொரு நாடு."

"ஆயுசுக்கும்?"

"அவ பாக்கவேணும் எண்டு சொன்னால் இல்லை. கண் முழிச்சதும் அவவுக்கு எல்லாம் வாசிச்சுக் காட்டுவினம். தங்கச்சி தன்ர குற்றத்தை ஒத்துக்கொண்டிட்டா, அவவைப் பாக்க விருப்பமோ எண்டு கேப்பினம்."

தேன்மொழி காத்திருந்தாள்.

"ஒருக்காத்தான் கேப்பினம்."

நடைவழியில் யாருடையதோ ஒரு வட்டு பாட்டு முணுமுணுத்தது. தேன்மொழிக்கு அக்காவின் பதில் கேட்டுவிட்டது. வயிற்றில் தையலோடு, வாய் குழற, அந்நியர்கள் முன்னால் அவள் சொல்லப்போவது. அவளுக்கு எதுக்குங்க சிரமம், வோணாம்.

"நீங்க அவகிட்ட சொல்லலாம்ல? ஆமான்னு சொல்லுன்னு?"

"சொன்னால் என்னையும் எழுதுவினம். பிறகு இஞ்ச வாற தமிழ்ச்சனத்துக்கு ஆரும் இல்லை."

"ஒரு கண்ணைக் காட்டினாப் போதும்."

"பிள்ளை."

"சரி."

"வடிவா யோசிச்சனீங்களோ?"

"தாளைக் குடுங்க."

அறை வாசலில் நின்றபடி எழுதினாள். படிவத்தில் நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். அவளுக்குப் போதவில்லை, ஓரத்திலும் எழுதினாள். டுடோரியல், தேவநாதன், முதுகு வலி, சான்றிதழ். பொய் ஒன்றும் சேர்க்கத் தேவைப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரு பொய்யாவது எழுதவேண்டி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தேனு, இன்னாடி எழுதற?" என்றது உள்ளேயிருந்து குரல்.

அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்படியெல்லாம் எழுதாத. நீ ஒண்ணும் பண்ணலடி. எனக்கு வோணாம்னுதான் வோணாம்னேன். அவங்ககிட்ட நான் சொல்றேன் பாரு."

எழுத்து ஒரு கணம் நின்றது. அதுவும் உண்மையாக இருக்கலாம். அறுநூற்றுப் பதினொன்றில் சிலது நிஜமாகவே வேண்டாமாக இருந்திருக்கலாம். தேவநாதனை அக்காவுக்குப் பிடிக்காமலே இருந்திருக்கலாம். இனி அதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? தேன்மொழி கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயர், தமிழில், அப்பா பெயரின் முதலெழுத்தோடு.

"தேனு, வோணா..."

வட்டு அணைந்தது. வார்த்தை பாதியில் நின்றது.

அறையில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் இருக்கவில்லை. பிறகு கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, உள்ளே எங்கோ மாட்டிக்கொண்ட சத்தம். உதடு நடுங்கித் திறந்தது. "ம்மா" என்று முனகினாள் ரஞ்சிதம். நினைவில்லாத உடம்பு, தன் சொந்தத் தொண்டையால் முனகியது. வலியின் முனகல்தான், வேறு எதுவும் இல்லை. காலையிலிருந்து வட்டின் பேச்சுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது.

மருத்துவர் ஓடி வந்தார். நர்ஸ்கள் கட்டிலின் சக்கரத் தாழ்களைத் தட்டி விட்டார்கள். ஒரு காவலாள் தேன்மொழிக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து, அவளைத் தொடாமல், தன் உடம்பாலேயே மறைத்து நின்றான். கட்டில் அவனுக்குப் பின்னால் உருண்டு போனது. சக்கரச் சத்தம்தான் கேட்டது, முகம் தெரியவில்லை.

"அவவைக் காப்பாத்திப்போடுவினம்" என்றாள் லோஜினி. "இந்த டொக்டர் கெட்டிக்காரி."

"கெட்டிக்காரியா இருந்தா காலையிலேயே பண்ணியிருக்கலாம்."

தேன்மொழி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை, திட்டவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நடைவழி நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் குரல்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தன, சிரித்துக்கொண்டிருந்தன, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. வாசற்கதவு மூடியிருந்தது. அதன் மேலே ஒரு சின்ன வட்டு. கையேட்டில் இருந்த அதே கோணல் தமிழில் அது கேட்டது.

"வற்புறுத்தியவரே, நோயாளி சம்மதித்தால் அவரைச் சந்திக்கத் தங்களுக்கு விருப்பம் உண்டா?"

காவலாள் பின்னால் நின்றான். வரவேற்பு மேஜையில் இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் தேன்மொழி, மேஜைக்குக் கேட்கிற மாதிரி.

கதவு திறந்தது. அவள் வெயிலில் இறங்கி நடந்தாள்.